ஓதம் பார்க்காமல் சேன் மாலோ போகலாமா? ஒருநாள் சுற்றுலா பற்றிய மதிப்பீடு

பாரிசில் இருக்கும் உறவினர் வீட்டுக்குச் சென்றுவரும் நம் கீழக்கரை, இராமநாதபுரம் பக்கத்தினர் பெரும்பாலும் ஈபிள் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கடற்கரையில் வளர்ந்தவர்கள் பார்க்கவேண்டிய ஊர் என்று நான் சொல்வது, பிரான்சின் வடமேற்கே பிரித்தானிக் கரையில் உள்ள சேன் மாலோ என்ற கோட்டைத் துறைமுகத்தை. ஆனால் காலையில் பேருந்தில் ஏற்றி இரவில் பாரிசில் இறக்கிவிடும் ஒருநாள் சுற்றுலாவில் அங்கே போகவேண்டாம். நான் சென்ற அத்தகைய சுற்றுலாவுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண்ணே தருவேன்.

காரணம் ஓதம், அதாவது கடல் நீர் நாள்தோறும் ஏறி வற்றுவது. பாக் நீரிணையில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. பாம்பனில் கடல் சற்று உள்வாங்கினாலே நாளிதழில் செய்தி வருகிறது. சேன் மாலோவிலோ பெரிய ஓத நாள்களில் 12 மீட்டருக்கும் மேல் நீர் ஏறி வற்றுகிறது. அருகிலுள்ள ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 240 மெகாவாட் திறனுள்ள மின் நிலையம் ஒன்று 1966 முதல் அந்த ஓதத்தைக் கொண்டே இயங்குகிறது. பொறியாளர் வோபானின் திட்டப்படி 1689-இல் கட்டப்பட்ட தேசியக் கோட்டை கரைக்கு எதிரே ஒரு பாறையின் மீது நிற்கிறது. நீர் வற்றினால் மணலில் நடந்தே போகலாம், ஏறிவிட்டால் அது தீவு. இதைக் கணக்கில் கொள்ளாத எங்கள் சுற்றுலா நிறுவனம், நீர் நிரம்பி நின்ற மதிய வேளையில் எங்களை இறக்கிவிட்டு, கோட்டையை மதில்மேலிருந்து சுட்டிக்காட்டியதோடு கடமையை முடித்துக்கொண்டது.

பேருந்தை விட்டுவிட்டு அன்றிரவு அங்கேயே தங்கியதால்தான் ஊரைப் பார்க்க முடிந்தது. நகரைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளும் மதிலின் மேல் கட்டணமின்றி நடக்கலாம். அவசரப்படாமல் நடக்கவேண்டிய வழி அது. 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே பிறந்தது இந்த ஊரில். 1800-இல் வங்காள விரிகுடாவில் கென்ட் என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் சுர்கூஃப்பும் இவ்வூர்க்காரர்தான். நம் கரையோரக் கடலின் வரலாற்றில் இத்தனை குறுக்கிட்ட ஊரைப் பற்றிப் பேருந்து வழிகாட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மதிலுக்குள் இருக்கும் கருங்கல் வீடுகள் பழமையானவை போலத் தோன்றினாலும் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் அழிந்தபின் பழைய சாயலிலேயே மீண்டும் கட்டப்பட்டவை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியைப் பார்த்தவர்களுக்கு இந்த மீட்சி பொறாமையைத் தரும். இருந்தும் சில தெருக்களின் ஒரே சீரான முகப்பு எனக்குச் சலிப்பாகவே இருந்தது; ஊரின் உயிர் மதிலிலும் கடலிலும்தான் இருக்கிறது.

பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேரடி விரைவு ரயில் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. பயணச்சீட்டு எடுக்கும் முன் அந்த ஊரின் ஓத அட்டவணையைப் பாருங்கள். அதில் 20 முதல் 120 வரை குறிக்கப்படும் எண் பெரிதாக இருக்கும் நாளில் கடல் மிகத் தொலைவு வற்றும், அதே அளவுக்கு உயர்ந்தும் வரும். தேசியக் கோட்டையில் கொடி பறந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் பெயரில்லாத கல்லறை இருக்கும் கிரான் பே தீவுக்கும் நீர் வற்றியபோதே நடந்து போகவேண்டும். திரும்பும் வழியில் நீர் ஏறத் தொடங்கிவிட்டால் இறங்காமல், அடுத்த வற்றம் வரை பல மணி நேரம் தீவிலேயே காத்திருப்பதே பாதுகாப்பு.