செட்டிநாட்டு விடுதி வீடியோவை எங்கே ஏற்றுவது? யூடியூப், சொந்த சர்வர், பன்னி ஸ்ட்ரீம் (Bunny Stream), கிளவுட்ஃப்ளேர்: ஓர் ஒப்பீடு

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீடு ஒன்று தங்கும் விடுதியானால், வலைத்தளத்துக்கென்று எடுப்பது முகப்பிலிருந்து வளவு (முற்றம் உள்ள நடுப்பகுதி), இரண்டாங்கட்டு வழியாகக் கொல்லை வரை நடந்துபோகும் வீடியோ. ஆத்தங்குடிக் கல் பட்டறை என்றால், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமெண்ட் ஊற்றும் காட்சி. இரண்டையும் யூடியூபில் ஏற்றி, அதைத் தளத்துக்குள் காட்டும் எம்பெட் கோடை ஒட்டிவிடுவதுதான் வழக்கம். பட்டறைக்கு அது சரி. விடுதியின் முன்பதிவுப் பக்கத்துக்குச் சரியில்லை.

பட்டறை வீடியோவைத் தேடி வருபவர் கோயம்புத்தூரில் வீடு கட்டுபவராக இருக்கலாம். அவர் தேடும் இடம் யூடியூப்தான். காசு இல்லை, சிக்னல் மட்டமாக இருந்தாலும் தரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். முன்பதிவுப் பக்கத்துக்கு வருபவரோ ஏற்கெனவே உங்களைக் கண்டுபிடித்துவிட்டார். அவரை வெளியே அனுப்பும் எதுவும் அங்கே இருக்கக்கூடாது. யூடியூப் பிளேயரில் வீடியோ முடிந்ததும் வேறு வீடியோக்களின் பரிந்துரைகள் வரும். எம்பெட் முகவரியில் ‘ரெல்=0’ (rel=0) சேர்த்து அதை மறைப்பது 2018 செப்டம்பரோடு போயிற்று; இப்போது அது பரிந்துரைகளை உங்கள் சேனலுக்குள் நிறுத்தும், அவ்வளவுதான். 2020 நவம்பரிலிருந்து, பணம் ஈட்டாத சிறிய சேனல்களிலும் விளம்பரம் வரலாம். எந்த விளம்பரம் என்பது உங்கள் கையில் இல்லை. போதாததற்கு, யாரும் பிளே அழுத்தாமலே பிளேயரின் ஸ்கிரிப்டுகள் பல நூறு கேபி இறங்கிப் பக்கத்தை இழுக்கும். எம்பெட் செய்தே ஆகவேண்டுமென்றால் முதலில் ஒரு படம் மட்டும் வைத்து, கிளிக் செய்த பிறகு பிளேயர் வரும்படி அமையுங்கள்.

அப்படியானால் சொந்த ஹோஸ்டிங்கிலேயே வைக்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 720பி வீடியோ 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 2 நிமிடம் என்றால் 30 எம்பி. ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 30 ஜிபி. பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் நாலு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்போதே தளம் திணறக்கூடும். எல்லாருக்கும் ஒரே தரம்தான் என்பதால், நெட் மெதுவாக உள்ளவருக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைப் பகுதி கடைசியில் இருந்து, சர்வரும் பகுதி பகுதியாகத் தராவிட்டால், முழுக் கோப்பும் இறங்கினால்தான் படம் தொடங்கும். வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ பெட்டியை டிக் செய்தால் அட்டவணை முன்னால் வந்துவிடும். ஐபோனின் ‘ஹை எஃபிஷியன்சி’ அமைப்பில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் சில பிரௌசர்களில் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கும். எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றியே ஏற்றுங்கள். முகப்புப் பக்கத்தில் ஒலியில்லாமல் சுற்றும் 10 விநாடித் துண்டுக்கு மட்டும் சொந்த சர்வரே சிறந்தது: 3 எம்பிக்குள், வீடியோ டேகில் ‘மியூட்டட்’ (muted), ‘பிளேஸ்இன்லைன்’ (playsinline) இரண்டும் சேர்த்து. அவை இல்லாவிட்டால் ஐபோனில் தானாக ஓடாது.

முன்பதிவுப் பக்கத்து வீடியோவுக்கு எங்கள் தேர்வு பன்னி ஸ்ட்ரீம் என்ற கட்டண வீடியோ சேவை. நீங்கள் ஒரு கோப்பை ஏற்றினால் போதும். பல தரங்களாக மாற்றி, பார்ப்பவரின் வேகத்துக்கு ஏற்றதை அனுப்புகிறது, மாற்றும் வேலைக்குத் தனிக் காசு இல்லை. விளம்பரமும் பரிந்துரையும் கிடையாது. ஆசியப் பகுதிக்கு ஒரு ஜிபிக்கு 0.03 டாலர் என்பதால், மேலே சொன்ன 30 ஜிபிக்கு 1 டாலர்கூட ஆகாது. மாதக் குறைந்தபட்சக் கட்டணமும் 1 டாலர்தான். வேறு தளங்கள் உங்கள் வீடியோவை எடுத்துப் போடாமலிருக்க, அனுமதிக்கப்பட்ட டொமைன் பட்டியலை நிரப்புங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது இரண்டையும் எழுத வேண்டும்.

இதேபோன்ற இன்னொரு சேவையான கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம் நிமிடக் கணக்கு: சேமிக்க 1000 நிமிடத்துக்கு 5 டாலர், பார்க்கப்படும் 1000 நிமிடத்துக்கு 1 டாலர். இருப்பது ஒரே வீடியோ என்றாலும் அந்த 5 டாலர் உண்டு. ஆனால் எவ்வளவு தெளிவான தரத்தில் பார்த்தாலும் விலை ஏறாது. விமியோ என்ற வீடியோ தளத்தின் பிளேயர் அழகானது; நாலைந்து வீடியோவுக்காக ஆண்டுச் சந்தா கட்டுவது வீண்.

எங்கே ஏற்றினாலும் செட்டிநாட்டு வீடுகள் வீடியோ சுருக்கத்துக்குக் கடினமான பொருள். ஆத்தங்குடித் தரையின் நெருக்கமான பூக்கோலம் கேமரா நகரும்போது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால், குறைந்த பிட்ரேட்டில் (விநாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) கட்டம் கட்டமாக உடையும், மினுக்கும். வெயில் கொட்டும் முற்றமும் இருட்டான பட்டாலை என்னும் கூடமும் ஒரே ஃபிரேமில் வந்தால், நிழலில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் சேர்ந்து, இருக்கும் பிட்ரேட்டை அது தின்றுவிடும். காலையில் சாய்வெளிச்சத்தில் எடுங்கள். தரையைக் காட்டும்போது கேமராவை 3, 4 விநாடி அசையாமல் நிறுத்துங்கள். யூடியூபுக்கு 4கேயில் ஏற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த நகலை ஏற்றவே கூடாது. அது ஏற்கெனவே சுருங்கியது. தளம் மறுபடி சுருக்கும்போது கல்லின் கோடுகள் குழைந்துவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பை ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் வையுங்கள்: யூடியூப் ஸ்டூடியோவில் சொந்த வீடியோவைத் திரும்ப இறக்கினால் அதிகபட்சம் 720பிதான் கிடைக்கும்.