அப்டேட்டுக்குப் பின் நிறம் மாறிய அச்சு: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

ஒரே இங்க்ஜெட் பிரிண்டரில் பல ஆண்டுகளாகப் புகைப்படங்கள் அச்சிட்டுவரும் எனக்கு, கணினி இயக்குதளத்தின் பெரிய அப்டேட் என்றாலே சற்றுக் கலக்கம்தான். மையும் தாளும் பழையவையே என்றாலும், அதுவரை இயல்பாக வந்த முகங்கள் திடீரென இளஞ்சிவப்பேறி வருகின்றன. சில வேளை வண்ணப்படமே கறுப்பு வெள்ளையாக வந்து விழுகிறது.

பலர் உடனே ஹெட் கிளீனிங்கில், அதாவது மை தெளிக்கும் முனைகளில் மையைப் பாய்ச்சிச் சுத்தம் செய்வதில், இறங்குகிறார்கள். மையை வீணாக்கி, கழிவு மையை உறிஞ்சும் பஞ்சை நிரப்பும் அந்த வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நல்லது. கணினியைத் தொடாமல், பிரிண்டரின் பொத்தான்கள் வழியாகவே நாசில் செக் என்ற சோதனைப் பக்கத்தை அச்சிட்டு, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புக் கோடுகள் அறுபடாமல் விழுகின்றனவா என்று பார்த்தால், குறை பிரிண்டரிலா கணினியிலா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

என் கணினியில் நடந்தது இதுதான்: தயாரிப்பாளரின் டிரைவர் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) இருந்த இடத்தில், எல்லா மாடல்களுக்கும் பொதுவான டிரைவர் ஒன்றை அப்டேட் அமர்த்தியிருந்தது. பிரிண்டரின் பெயர் மாறாததால் இது எளிதில் கண்ணில் படாது. ஆனால் தாள் வகைப் பட்டியலைத் திறந்தால், முன்பிருந்த மேட், கிளாஸி வகைகளில் பல காணாமல் போயிருக்கும். எவ்வளவு மை தெளிப்பது என்பதைத் தாள் வகையே தீர்மானிப்பதால், சாதாரணத் தாள் என்ற அமைப்பில் புகைப்படத் தாளில் அச்சிட்டால் நிறம் மங்கத்தான் செய்யும். பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. விண்டோஸ் கணினி என்றால் பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் டிரைவர் பேக்கேஜையும் அகற்றிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த விண்டோஸ் பதிப்புக்கென உள்ள டிரைவரை நிறுவ வேண்டும். கறுப்பு வெள்ளைத் தொல்லை அதோடு தீராவிட்டால், கிரேஸ்கேல் எனும் கறுப்பு வெள்ளை அமைப்பை அச்சிடும் நேரத்தில் மட்டுமல்லாமல் டிரைவரின் இயல்பு அமைப்பிலும் நீக்க வேண்டும்.

இளஞ்சிவப்புச் சாயலுக்குக் காரணம் வேறு. படத்தொகுப்பு மென்பொருள் ஐசிசி புரொஃபைலின்படி (பிரிண்டரும் தாளும் நிறங்களை எப்படிக் காட்டும் என்று விவரிக்கும் கோப்பு) நிறத்தைத் திருத்தி அனுப்ப, டிரைவரும் தன் பங்குக்கு அதையே மறுபடி திருத்துகிறது. அப்டேட் டிரைவரின் அமைப்புகளைத் தொடக்கநிலைக்குக் கொண்டுபோனால் இது நேர்ந்துவிடும். முகங்களை வைத்து இதை உறுதிசெய்வது கடினம். வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியாக அடர்ந்து செல்லும் சாம்பல் பட்டை ஒன்றை அச்சிட்டேன். இரு முனைகளும் சரியாக இருக்க, நடுப்பகுதி மட்டும் செம்மையேறி நின்றது. நிறத்திருத்தத்தை மென்பொருளிடமே விட்டு, டிரைவரில் அதை அணைத்ததும் பட்டை சாம்பலுக்குத் திரும்பியது.

அன்று முதல் டிரைவர் நிறுவியையும், நானாகச் சேர்த்த ஐசிசி கோப்புகளையும் தனியே படியெடுத்து வைத்திருக்கிறேன். தயாரிப்பாளர் டிரைவர் வெளியிடுவதை நிறுத்திவிட்ட பழைய மாடல்களுக்கு இந்த வழி எல்லா வேளையும் உதவும் என்று சொல்ல முடியாது. அங்கே பொது டிரைவரோடுதான் காலம் தள்ள வேண்டும். கடிதத்துக்கும் விளக்கப்படத்துக்கும் அது போதும், புகைப்படத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.