ஃபைல்சிஸ்டம் ரிப்பேர் டூல்கள்: எது ஒத்திகை பாக்க விடுது, எது விடல?

டிஸ்க் மவுண்ட் ஆகலன்னா, அதாவது அதுல இருக்கற ஃபைல்சிஸ்டத்த (ஃபைல்கள் எங்க எப்படி இருக்குன்னு வச்சுக்குற அமைப்பு) சிஸ்டத்தால திறக்க முடியலன்னா, உடனே நிறைய பேர் சொல்றது "-ஒய் போட்டு ஓட்டிடு, எல்லாம் சரியாயிடும்". டூல் கேக்குற எல்லா கேள்விக்கும் கண்ண மூடிட்டு ஆமா சொல்ற ஆப்ஷன் அது, டேட்டா முக்கியம்னா தயவுசெஞ்சு அதுல ஆரம்பிக்காதீங்க. எந்த டூல் வேகம்னு நான் பாக்கல, டிஸ்க்ல எழுதுறதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்க விடுதா, எழுதினப்புறம் பின்வாங்க வழி இருக்கான்னு மட்டும்தான் பாக்குறேன்.

அந்த கணக்குல லினக்ஸோட எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்துக்கு இருக்கற செக் டூல் ஈ2எஃப்எஸ்சிகே தான் முதல். -என் குடுத்தா எதையும் எழுதாம என்னென்ன கெட்டுப்போயிருக்குன்னு மட்டும் சொல்லும், ஆனா அது ஜர்னல (எழுதி முடியாத மாற்றங்களோட குறிப்பு) ரீப்ளே பண்ணாது, அதாவது அந்த மாற்றங்கள முடிச்சு வைக்காது, அதனால ரீப்ளே ஆனாலே சரியாகுற விஷயத்தையும் எரர்னு காட்டலாம், லிஸ்ட் நீளமா இருக்கேன்னு பயந்துடாதீங்க. இன்னும் பெரிய வசதி -இசட்: மாத்தப்போற பிளாக்கோட பழைய காப்பிய ஒரு அன்டூ ஃபைல்ல எடுத்து வச்சுக்கும், ரிப்பேர் சொதப்பினா ஈ2அன்டூ வச்சு பழைய நிலைக்கே திரும்பிடலாம். அந்த ஃபைல் வேற டிஸ்க்ல இருக்கணும். இவ்ளோ நல்ல வசதிய ஏன் யாரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்கன்னு எனக்கு நிஜமாவே ஆதங்கம்.

எக்ஸ்எஃப்எஸ்-ங்கற இன்னொரு லினக்ஸ் ஃபைல்சிஸ்டத்துல அன்டூ கிடையாது, ஆனா ஒத்திகை பிரமாதம். மெட்டாடம்ப் டூல் மெட்டாடேட்டாவ (ஃபைலோட உள்ளடக்கம் இல்லாம அதப் பத்தின விவரம்) மட்டும் எடுத்துக் குடுக்கும், ஃபைல் பேரையும் பெரும்பாலும் மறைச்சுடும், அத ஒரு இமேஜா (டிஸ்க் மாதிரியே இருக்கற ஃபைல்) ரீஸ்டோர் பண்ணி அது மேல ரிப்பேர் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் நிஜ டிஸ்க்குக்கு வரலாம். லாக் (இங்க ஜர்னலோட பேர்) அழுக்கா இருந்தா, அதாவது ரீப்ளே ஆகாத மாற்றம் மிச்சம் இருந்தா, ரிப்பேர் ஓட மறுத்துடும், முதல்ல மவுண்ட் பண்ணி அன்மவுண்ட் பண்ணுங்க, லாக் தானா ரீப்ளே ஆகும். மவுண்டே ஆகலன்னா மட்டும்தான் ரிப்பேர்ல பெரிய எல் ஆப்ஷன், ஏன்னா அது லாக்கையே அழிக்குது, கடைசியா நடந்த மாற்றங்கள் அதோட போயிடலாம். இன்னொண்ணு, எஃப்எஸ்சிகே.எக்ஸ்எஃப்எஸ் கமாண்ட் சாதாரணமா எதையும் செக் பண்றதே இல்ல, அது ஓகே சொல்லுச்சுன்னு நம்பிடாதீங்க.

பிடிஆர்எஃப்எஸ்-ங்கற லினக்ஸ் ஃபைல்சிஸ்டத்துல செக் கமாண்ட் தானாவே ரீட் ஒன்லி (படிக்கும், எழுதாது), அது நல்லது. ஆனா --ரிப்பேர் ஆப்ஷன விஷயம் தெரிஞ்சவங்க சொல்லாம தொடாதீங்கன்னு அதோட மேனுவலே எச்சரிக்குது. இங்க வரிசை வேற: ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணிப் பாருங்க, முடியலன்னா பிடிஆர்எஃப்எஸ் ரீஸ்டோர் வச்சு ஃபைல்கள வேற டிஸ்க்குக்கு எடுங்க. ஸ்க்ரப் (டிஸ்க்ல இருக்கறதப் படிச்சு கெட்டிருக்கான்னு பாக்குற கமாண்ட்) டேட்டாவ சரி பண்ணணும்னா அதுக்கு ரெண்டாவது நல்ல காப்பி இருக்கணும், இல்லன்னா கெட்டதக் கண்டுபிடிச்சு சொல்றதோட நின்னுடும்.

விண்டோஸ் செக்டிஸ்க் ஆப்ஷன் இல்லாம ஓட்டினா வெறும் ரிப்போர்ட், /எஃப் குடுத்தா எழுதும், திருப்பி எடுக்க வழி இல்ல. சாகப்போற டிஸ்க்ல /ஆர் போடவே கூடாது, டிஸ்க் முழுக்க படிக்க வைக்கும், மிச்ச உயிரும் போயிடும். அந்த மாதிரி டிஸ்க்னா எந்த ஃபைல்சிஸ்டமா இருந்தாலும் டிடிரெஸ்க்யூ (கெட்டுப்போற டிஸ்க்க காப்பி எடுக்குற டூல்) வச்சு, எது படிச்சாச்சுன்னு குறிச்சு வைக்குற மேப் ஃபைலோட இமேஜ் எடுத்துட்டு, அந்த இமேஜுக்கும் ஒரு காப்பி போட்டு, அது மேலதான் ரிப்பேர்.

மவுண்ட் ஆகியிருக்கறப்போ லினக்ஸ் ரிப்பேர் டூல் எதையும் எழுத விடாதீங்க (ஸ்க்ரப் மட்டும் விதிவிலக்கு, அது மவுண்ட் ஆனப்போதான் ஓடும்), இத தனியா விளக்கவே வேண்டாம்.

இப்போ பதிவு, அதாவது என்ன நடந்துச்சுன்னு எழுதி வைக்கறது. லினக்ஸ்ல ஸ்க்ரிப்ட் கமாண்ட ஆரம்பிச்சுட்டு வேலைய தொடங்குங்க, ஸ்க்ரீன்ல வர்றது அத்தனையும் ஃபைல்ல வந்துடும். பூட் சமயத்துல ஓடுன செக்டிஸ்க் ரிப்போர்ட் ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக்ல வின்இனிட் பேர்ல கிடைக்கும். டூலோட வெர்ஷன், டிஸ்க்கோட சீரியல் நம்பர் ரெண்டையும் எழுதுங்க, எஸ்டிபி-ன்னு (லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்குற பேர்) மட்டும் எழுதினா ரீபூட்டுக்கு அப்புறம் அது வேற டிஸ்க்கா இருக்கலாம். எக்ஸிட் கோடும் (டூல் முடியறப்போ குடுக்குற நம்பர்) வேணும்: ஈ2எஃப்எஸ்சிகே-ல 1 வந்தா சரி பண்ணியாச்சு, 4 வந்தா எரர் இன்னும் மிச்சம், ரெண்டும் சேந்து 5-ஆவும் வரும். லாஸ்ட்+ஃபவுண்ட்ல (ரிப்பேர்ல இடம் தெரியாம கெடச்ச ஃைபல்கள போடுற ஃபோல்டர்) வர்ற ஃபைலுக்கு பேர் இருக்காது, ஐநோட் நம்பர் (ஃபைல்சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் குடுக்குற நம்பர்) தான் இருக்கும், எந்த நம்பர் எந்த ஃபைல்னு தேடுறப்போ ரிப்பேருக்கு முன்னாடி எடுத்த -என் லாக்ல அந்த நம்பரோட பேரும் வந்திருக்கான்னு முதல்ல பாருங்க.