செர்ரிப் புளிப்பு பீர்: அடர்பழுப்பா, லாம்பிக்கா?

இரண்டுமே பெல்ஜியத்தவை, இரண்டிலும் புளிப்புச் செர்ரி ஊறுகிறது. நாக்கில் மட்டும் ஒட்டுறவே இல்லை.

அவுடனார்டே வட்டாரத்து ‘அவுட் பிரவுன்’ என்னும் அடர்பழுப்பு பீரில் செர்ரி சேர்த்தால் கருஞ்சிவப்பாகிறது. மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கேரமல் சாயலும் உலர்திராட்சை மணமும் முந்திக்கொள்ளும். புளிப்பு பின்னால் மெல்ல எட்டிப்பார்க்கும். பெரும்பாலும் உலோகத் தொட்டியில் முதிர்வதால் மரவாடை இராது. அதிகம் குளிர்வித்தால் மால்ட் ஊமையாகிவிடும்.

செர்ரி லாம்பிக் வேறு கதை. பிரஸ்ஸல்ஸ் சுற்றுவட்டாரத்தில் கொதித்த மால்ட் சாற்றைத் திறந்த அகலத் தொட்டியில் இரவெல்லாம் ஆறவிடுகிறார்கள். காற்றிலிருந்து வரும் ஈஸ்டும் பாக்டீரியாவும் பின்னர் அதை நொதிக்கவைக்கின்றன. பிறகு ஓக் பீப்பாயில் நெடுங்கால முதிர்ச்சி. 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலை லிட்டருக்குச் சுமார் 200 கிராம் செர்ரி சேர்க்கிறது. அப்படியும் இனிப்பு துளியும் மிஞ்சுவதில்லை, சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுகிறது. முதல் மிடறிலேயே தாடை கூசும். பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் தரும் தொழுவ வாடை சிலரை எழுந்தோட வைக்கும். எனக்கு அதுதான் ஈர்ப்பு. (இனிப்பூட்டிய மலிவு லாம்பிக்குகளை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.)

புளிப்பு பீருக்குப் புதியவர் அடர்பழுப்பில் தொடங்கலாம். கொழுப்பான இறைச்சியோடு என்றால், தயங்காமல் லாம்பிக்.