கற்பனை உலகத்துக்கு மேப் கீற எது சரி: இங்கார்னேட்டா, வொண்டர்டிராஃப்டா, அஸ்காரா, இங்க்ஸ்கேப்பா, இல்ல வெறும் பேப்பரா?

ஒரு கேம் விளையாட ஒரு மேப் கீறிட்டு அதோட விடுற ஆக்களுக்கு எந்த ஆப்பும் ஓகேதான். நான் கதைக்கிறது பள்ளிக்கூடக் கொப்பிக்குப் பின்னால ஒரு தீவு கீறத் தொடங்கி, வேலை கலியாணம் எல்லாம் வந்த பிறகும் அதே தீவுக்கு ராசா பரம்பரை எழுதிக்கொண்டிருக்கிற ஆக்களப் பற்றி (நானும் அந்தக் கூட்டம்தான்). எங்களுக்கு எதில வடிவா வரும் எண்டது ரெண்டாவது கேள்வி. பத்து வருசம் கழிச்சு ஒரு ஆத்த நகர்த்தணும் எண்டா ஏலுமா, அதுதான் முதல் கேள்வி.

எல்லாரும் முதல்ல போய் விழுறது இங்கார்னேட்ல. பிரவுசர்லயே ஓடும், மலை, மரம், கோட்டை எல்லாம் ஸ்டாம்ப் மாதிரி குத்திக் குத்திப் போகலாம், ஒரு பின்னேரத்துக்குள்ள புத்தகத்தில வாற மேப் மாதிரி வந்திடும், அதில பொய் இல்ல. ஆனா ஃப்ரீயில கொஞ்ச ஸ்டாம்ப்தான், மிச்சத்துக்கு வருசா வருசம் டொலர்ல சந்தா கட்டணும், உங்கட உலகம் இருக்கிறது அவங்கட சேர்வர்ல. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதக் கண்ட இலங்கை இது, லைன் இல்லாட்டி உலகமே இல்ல எண்டா எனக்குச் சரிவராது. வொண்டர்டிராஃப்ட் அந்த விசயத்தில எவ்வளவோ மேல், ஒருக்காக் காசு கட்டினாச் சரி, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூண்டிலயும் ஓடும், நெட் தேவையில்ல, கரையோரத்த அதுவே கரடுமுரடா நெளிச்சும் தரும்.

ரெண்டுக்கும் பொதுவான குறை ஒண்டு இருக்கு. அதுகளுக்கு மலை எண்டா ஒரு படம், ஆறு எண்டா ஒரு நீலக் கோடு, தண்ணி மேட்டில இருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் எண்டது தெரியாது. அதாலதான் ஆக்கள் போடுற மேப்கள்ல மலையடிவாரத்திலயே ஆறு ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கக் கடலுக்கும் போகுது, ஒரு குளத்தில இருந்து மூண்டு ஆறு கிளம்புது. உண்மையில ஆறுகள் போகப்போகச் சேரும், பிரியிறது அநேகமாக் கடலுக்குக் கிட்ட, தட்டையான நிலத்தில. மகாவலியப் பாருங்க, 335 கிலோமீட்டர் ஓடி வந்து எங்கட திருகோணமலைப் பக்கம்தான் வெருகலாறாப் பிரியுது, மற்றது கொட்டியாரக் குடாவில விழுது. ஆறு பிரியவே கூடாது எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களும் இருக்கினம், அவையள வெருகலுக்குக் கூட்டிக்கொண்டு போகணும்.

அஸ்கார் எண்டு சொல்லுற ஃபேண்டஸி மேப் ஜெனரேட்டர் வேற சாதி. ஃப்ரீ, ஓபன் சோர்ஸ், பிரவுசர்ல ஓடுது. நிலத்த ஆயிரக்கணக்கான கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொண்டுக்கும் உயரம், வெக்கை, மழை எல்லாம் கணக்குப் போட்டு, அதுக்குப் பிறகுதான் ஆறு விடும், அதுக்கும் பிறகு நாடு, ஊர், சமயம் எண்டு நிரப்பும். காத்து வாற பக்கம் மலை நனையும், பின்பக்கம் காயும். திருகோணமலை ஆக்களுக்கு இத விளக்கத் தேவையில்ல, தென்மேல் பருவத்தில கொழும்புப் பக்கம் மழை கொட்டேக்க எங்களுக்கு வாறது மலையக் கடந்து காய்ஞ்சு வாற கச்சான் காத்துதானே.

ஆனா அதில காத்து நிலையானது, அகலக்கோட்டுப் பட்டிக்கு ஒரு திசை, அவ்வளவுதான். வருசத்தில ரெண்டு தரம் திரும்புற காத்து அதில இல்ல. எங்கட கரையே அந்தத் திருப்பத்திலதான் ஓடுது, வாடைக்காத்துக் காலத்தில கடல் மூர்க்கம், சோளகத்தில (தென்மேல் காத்தில) அடங்கும், அப்ப மேற்குக் கரையில இருந்து மீன்பிடி ஆக்கள் வந்து வாடி போட்டிருந்து தொழில் செய்திட்டுத் திரும்புவினம். இப்பிடி ஆறு மாசம் இருந்து ஆறு மாசம் இல்லாமப் போற ஊர் ஒண்ட அஸ்கார் தராது, அத நீங்கதான் யோசிக்கணும். இன்னொண்டு, ஊர்ப்பேர் தொடங்கி எல்லாத்தையும் அதே போட்டுத் தாறதால சொந்த உலகத்திலயே விருந்தாளி மாதிரி நிக்க வேண்டி வரும். அதால நான் சொல்லுறது, அத உலகம் செய்யப் பாவிக்காம செக் பண்ணப் பாவியுங்க. நீங்க கீறின தீவின்ர உயரப் படத்த (எங்க மேடு, எங்க பள்ளம் எண்டு நிறத்தில காட்டுறது) அதுக்குள்ள ஏத்தலாம், ஆறு எங்கால ஓடுது எண்டு அது காட்டும். சேவ் பண்ணினத ஃபைலா இறக்கி வையுங்க, பிரவுசர்லயே விட்டா அத கிளியர் பண்ணுற அண்டைக்கு நாடும் போயிடும்.

இனி என்ர கட்சி: இங்க்ஸ்கேப், கோடு கோடாப் படம் கீறுற ஆப். இதுவும் ஃப்ரீ. பெசியர் எண்டு சொல்லுற வளைகோடு இழுக்கப் பழகுற வரைக்கும் தும்புத்தடியால கையெழுத்துப் போடுற மாதிரித்தான் இருக்கும், ரெடிமேட் மலையும் இல்ல, சில பேர் ரெண்டாம் நாளே அழிச்சுப் போடுவினம். ஆனா எவ்வளவு ஸூம் பண்ணினாலும் கோடு உடையாது, ஒரு முழுக் கண்டத்தையும் அதில இருக்கிற ஒரு துறைமுகத்தையும் ஒரே ஃபைல்ல வைக்கலாம், எஸ்விஜி எண்டது பொது ஃபார்மட் எண்டதால இங்க்ஸ்கேப்பே இல்லாமப் போனாலும் வேற எதிலயும் திறக்கலாம். பெரிய விசயம் லேயர், அதாவது ஒண்டுக்கு மேல ஒண்டா வைக்கிற கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கு. எங்கட பக்கத்துக் கிண்ணியாவ எடுங்க, 2009ல பாலம் திறக்க முதல் பாதையில (ஆக்களக் கடத்துற மிதவைப் படகில) ஏறித்தான் அங்கால போகணும், துறையில ஆக்கள் காத்து நிண்ட காலம், அத நம்பித்தான் தேத்தண்ணிக் கடை. பாலம் வந்தாப் பிறகு ரோட்டே வேற. உங்கட உலகத்திலயும் முந்நூறு வருசச் சரித்திரம் இருந்தா இப்பிடி எத்தின பாலம், எத்தின எல்லை மாறும்? படமா இறக்கின மேப்ல அத மாத்த முழுசாத் திருப்பிக் கீறணும், இங்க ஒரு லேயர மறைச்சு மற்றதத் திறந்தாச் சரி. மழைக்காலத்துக்கு ஒரு லேயர், வெயில்காலத்துக்கு ஒரு லேயரும் போடலாம்.

தமிழ்ல பேர் போடுற ஆக்கள் எந்த ஆப் எண்டாலும் காசு கட்ட முதல் "கொட்டியாரம்" எண்டு டைப் பண்ணிப் பாருங்க. கொம்பு தனியாக் கழண்டு நிண்டா அந்த ஆப் வேண்டாம். இங்க்ஸ்கேப்ல ஒழுங்கா வரும்.

பேப்பர விடச் சொல்லேல்ல. யோசிக்கிறதுக்கு ஏ3 தாளும் பென்சிலும்தான், அதுக்கு மேல ட்ரேசிங் பேப்பர் வைச்சா அதுவும் லேயர்தானே. கடல் காத்துக்குத் தாள் ஊறும், பூச்சி அரிக்கும், அதால தண்ணியில கரையாத பிக்மெண்ட் மைப் பேனாவால கீறி, ஸ்கேன் பண்ணி இங்க்ஸ்கேப்புக்கு அடியில போடுங்க. அளவுத்திட்டத்த முதல் நாளே எழுதுங்க. கண்டம் எண்டு கீறுவினம், கணக்குப் பார்த்தா இலங்கையளவும் வராது. நடந்து போற ஆள் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் எண்டு வைச்சா இங்க இருந்து கண்டிக்கே ஆறு நாள் கிட்டப் பிடிக்கும், அப்ப உங்கட படை ஒரு இரவில தலைநகருக்கு எப்பிடி வந்தது?

காசு மிச்சம் இருந்தா ஆக்களுக்குக் காட்டுற வடிவான கொப்பி ஒண்டுக்கு வொண்டர்டிராஃப்ட் வாங்கலாம், மாஸ்டர் இங்க்ஸ்கேப்லயே இருக்கட்டும். குறிப்பெழுத வேர்ல்ட் அன்விலா ஒப்சிடியனா எண்டா அதே நியாயம்தான்: வேர்ல்ட் அன்வில் ஒன்லைன், வடிவு, ஆனா கனக்க வசதிக்குச் சந்தா, ஒப்சிடியன் உங்கட லேப்டாப்பில வெறும் டெக்ஸ்ட் ஃபைலா எழுதும், நோட்பேட்லயும் திறக்கலாம். நான் ஒப்சிடியன்தான், மேப் ஃபைலும் அதே ஃபோல்டர்லதான், மாசம் ஒருக்கா ஒரு பென் டிரைவுக்குக் கொப்பி.