கோத்தகிரியில் ஒரு கீசர், இரண்டு சட்டங்கள்

எங்கள் கோத்தகிரியில் மார்கழிக் குளிருக்குக் கீசர் இல்லாமல் முடியாது. 2013இல் பெங்களூரு போனபோது அங்கே ஒரு கடையில் வாங்கி வந்தேன். இரண்டே மாதத்தில் டேங்க் ஒழுகியது. கடைக்காரர் போனை எடுக்கவே இல்லை.

அப்போது நடப்பில் இருந்தது 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் ஊர், கிளை உள்ள ஊர், வழக்குக்கான காரணம் எழுந்த ஊர் என இவற்றில்தான் புகார் கொடுக்கலாம். பொருள் வாங்கியது, பணம் கட்டியது எல்லாமே பெங்களூரு. ஒரு கீசருக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை இறங்கி ராத்திரி பஸ் பிடிப்பதா? விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த 2019 சட்டம் இதைத்தான் மாற்றியது. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். எனக்கு அது ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. வீடியோ மூலம் விசாரிக்கும்படியும் கேட்கலாம். மலையில் இருப்பவர்களுக்கு வேறு எந்தத் திருத்தத்தையும்விட இது பெரிது என்பேன்.

அப்பீலிலும் புதிய சட்டத்துக்கே என் ஓட்டு. முன்பு மாவட்டத் தீர்ப்பை எதிர்க்கும் கம்பெனி, தொகையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அதைக் கட்டினால் போதும். இப்போது முழுசாகப் பாதியைக் கட்ட வேண்டும். சும்மா இழுத்தடிப்பவர்கள் யோசிப்பார்கள். ஆனால் அப்பீல் கெடு 30 நாளிலிருந்து 45 நாளாக நீண்டதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்காகப் பழைய சட்டத்தைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்றாலும், சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 1993 திருத்தம் சொன்னது. அரை ஏக்கர் தேயிலைக்குத் தானே கவாத்து மிஷின் வாங்கி ஓட்டும் சிறு விவசாயிக்கு அதுதான் பிடி. புதிய சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. புகார் கொடுக்க இரண்டு வருடக் கெடு என்பதும் மாறவில்லை. எனவே பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ஆன்லைனில் வாங்கிய ரூம் ஹீட்டர் போன மாதம் கருகிப்போனது. விற்றவர் டெல்லி. "அவ்வளவு தூரம் யாரு போறது?" என்றார். ஊட்டி போதும் அக்கா என்று சொல்லி, பில்லைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.