1090 மெகாஹெர்ட்ஸ் டாங்கிள்: மதுரை மொட்டைமாடிக்கு எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

பயிற்சி ஜெட்டுகள் மோதிய செய்தி வரும்போதெல்லாம் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 டாங்கிளைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். விமானங்கள் தம் இடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் தாமே சொல்லும் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பைப் பிடித்துக் கணினியில் காட்ட உதவும் சின்ன யூஎஸ்பி ரிசீவர் இது. "இதை மாட்டினால் போர் விமானமும் தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. பயணிகள் விமானத்துக்கு அருமையான சாதனம். அந்தக் கேள்விக்கு மட்டும், பெரும்பாலும் தெரியாது என்பதே பதில்.

முதலில் பொருள். அலுமினியக் கூடு, திருகி மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டர், அலைவரிசையைப் பிடித்து நிறுத்தும், வெப்பத்தில் அதிகம் விலகாத 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆஸிலேட்டர். சித்திரை வெயிலில் மாடியில் வைக்கப்போகிறவர்களுக்கு இந்த மூன்றும் முக்கியம். கறுப்பு பிளாஸ்டிக் கூட்டில் வரும் மலிவு டாங்கிளை வாங்க வேண்டாம்; சூடேறினால் அலைவரிசை நகர்ந்துவிடும்.

கூடவே வரும் டைபோல் (இரட்டைக் கம்பி) ஆன்டெனாவின் சின்னக் கம்பிகளை முழுதாகச் சுருக்கினால் 5 செ.மீ. அடிக்கட்டைக்குள் மறைந்திருக்கும் சுமார் 2 செ.மீ. உலோகத்தையும் சேர்த்தால், 1090-க்கு வேண்டிய 69 மி.மீ. கால் அலைநீளம் ஏறக்குறைய வந்துவிடும். ஒன்று மேலே, ஒன்று கீழே, செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கவைத்தால் வீண்.

பெட்டியில் வரும் 3 மீட்டர் மெல்லிய வயர்தான் இதன் பெரிய குறை. இந்த அலைவரிசையில் பாதி சிக்னலை அதுவே தின்றுவிடும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம் என்பதால் டாங்கிளோடு முழுதாகப் பொருந்தாது என்றாலும் இதைவிட எவ்வளவோ மேல். அதைவிட நல்லது, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியையே மாடிக்கு ஏற்றி, டாங்கிளை ஆன்டெனா அடியிலேயே மாட்டுவது. பக்கத்தில் செல்போன் டவர் இருந்தால் 900 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் ரிசீவரை அமுக்கிவிடும். 1090-ஐ மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் ஒன்று கட்டாயம். −3 டெசிபலுக்கு மேல் வரும் செய்திகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஒருபடி இறக்குங்கள். ஏற்றினால் தூரம் கூடும் என்று நினைத்துத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தடை இல்லையென்றால், 10 கி.மீ. உயரத்தில் போகும் விமானம் 400 கி.மீ. வரை எட்டும். ஒத்தக்கடைக்காரர்களுக்கு ஒரு பக்கத்தை யானைமலையே மறைத்துவிடும். சுகோய்-30 நிற்கும் தஞ்சாவூர் தளம் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. பூமியின் வளைவால், அங்கே எழும்பும் விமானம் 1,000 மீட்டர் ஏறும்வரை நம் ஆன்டெனாவுக்கு எட்டாது.

ஏறினாலும் தெரியாமல் போகலாம். ராணுவ விமானம் தன் இடத்தை ஒலிபரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. சில சமயம் உயரமும் 80 முதல் 83 வரையில் தொடங்கும் இந்தியக் குறியீடும் மட்டும் பட்டியலில் வரும். வரைபடத்தில் புள்ளி இருக்காது. அணியாகப் பறந்தால் வழக்கமாகத் தலைமை விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (இந்தச் செய்திகளை அனுப்பும் கருவி) மட்டும் இயங்கும். ஒன்பது ஹாக் பயிற்சி ஜெட் போனாலும் திரையில் ஒன்றுதான்.

2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூரு எலகங்காவில் விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஹாக் விமானங்கள் இரண்டு ஒத்திகையில் மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். அப்படிப்பட்ட பறத்தலில் இடைவெளி சில மீட்டர். அதைக் காப்பது விமானியின் கண்ணும் கையும். 1996-இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபின் இந்தியாவில் பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமான மோதல் தவிர்ப்புக் கருவியை அணிக்குள் ஓடவிட்டால், ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். 2023 ஆகஸ்ட் 25 அன்று உக்ரைனின் ஜிட்டோமிர் பகுதியில் எல்-39 பயிற்சி ஜெட்டுகள் மோதி மூன்று விமானிகள் இறந்தார்கள். எதிரெதிரே தலா மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டுக்கு நடுவே விநாடிக்கு 390 மீட்டர் கரையும். மோதல் பாதையில் வரும் விமானமோ கண்ணாடியில் நகராத புள்ளியாகவே நிற்கும். அசைவைத் தேடும் கண் அதைத் தவறவிடும். அரை விநாடிக்கு ஒருமுறை இடம் சொல்லும் ஏடிஎஸ்-பி, மாடியில் இருப்பவருக்கு அதில் எதைக் காட்டிவிடும்?

மதுரை பெருங்குடி விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தைப் பார்க்க, வானொலி கற்க, கல்லூரி புராஜெக்ட் செய்ய என்றால் தயங்காமல் வாங்கலாம். ஃபில்டருக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் கனெக்டர் மீது தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் கேபிள் வழியே நேராக டாங்கிளுக்கு இறங்கிவிடும்.